செவியை அடகு வைக்கலாமா?

வரப்புக்காக வழக்காடிப் பிரிந்த அண்ணன் தம்பியரைக் கண்டிருக்கிறோம். பந்தியில் இலை பிந்தியதற்காகப் பகைகொண்ட சம்பந்திகளையும் கண்டிருக்கிறோம். ஒரு திரைப்படத்தின் பின்னணி இசைக்காக நட்பை முறித்துக்கொண்ட இருவரை நான் என் வகுப்பறையிலேயே கண்டேன்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகம் வெளிவந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய கதை, எம்.ஜி.ஆர். படமாக்க விரும்பியும் கைகூடாத கதை. மணிரத்னம் இயக்கினார், ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார். 400 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது என்று செய்தித்தாள்கள் எழுதின. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் திருமண வீட்டிலும் அதே பேச்சு. பள்ளி மட்டும் விலக்காகுமா?

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில், ஆண்டுக்கணக்காக ஒரே பலகையில் அமர்ந்து படித்த இருவர் மோதிக்கொண்டனர். “இதற்கு ஈடான இசை தமிழ்த் திரையில் இதுவரை ஒலித்ததே இல்லை” என்றான் ஒருவன். “இளையராஜா இசையமைத்திருந்தால்தான் சோழநாடு சோழநாடாகத் தெரிந்திருக்கும்” என்றான் மற்றவன். சொல் வளர்ந்தது, சூடு ஏறியது, ஒருவன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பலகைக்குப் போய்விட்டான்.

இருவரையும் அழைத்தேன். முதல்வனிடம், “படத்தின் எந்த இடத்தில் வந்த இசை உன்னை ஆட்கொண்டது?” என்று கேட்டேன். விழித்தான். சற்று நேரம் கழித்து, “எல்லா இடமுந்தான் ஐயா” என்றான். மற்றவனிடம், “உனக்குக் குறையாகப் பட்ட இடம் எது?” என்றேன். “நான் படம் பார்க்கவில்லை ஐயா. பார்க்கவும் மாட்டேன்!” என்றான்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, படகுக்காரி பூங்குழலி கடலில் பாடும்போது சொல் முழுதும் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவள் தனியாக இருக்கிறாள் என்பது விளங்கியது. போர்க்களத்தில் முரசு அதிர்ந்தபோது பேசியவர் பேச்சு என் காதில் விழவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை” என்றாள்.

அவ்வளவுதான்! அதுவரை எதிரிகளாயிருந்த இருவரும் ஒன்றாகத் திரும்பினர். “உனக்கு இசையைப் பற்றி என்ன தெரியும்?” என்றான் ஒருவன். “நீ யாருடைய ஆள்?” என்றான் மற்றவன். அவள் தலைகுனிந்து அமர்ந்துவிட்டாள்.

அந்த வகுப்பறையில் படத்தைப் பார்த்தவளும் அவளே. இசையைக் கேட்டவளும் அவளே. ஒரு நிறையும் ஒரு குறையும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவளும் அவளே. ஆனால் அமர்த்தப்பட்டவளும் அவளே! எந்த அணியிலும் பெயர் கொடாதவளுக்குப் பேசும் உரிமை இல்லையாம். திரைப்படச் சண்டை சிறுவர் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போக என்னால் முடியாமற் போனதற்கு அந்தக் குனிந்த தலைதான் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்தப் படத்தின் முதற்பாடல் வெளியான நாளில், பாடல் முடியுமுன்னரே ‘அருமை! அருமை!’ என்று நண்பர்க்கெல்லாம் கைப்பேசியில் எழுதியனுப்பியவன் நான். கேட்டுவிட்டா பாராட்டினேன்? பாராட்டுவதென்று முடிவு செய்துவிட்டல்லவா கேட்கத் தொடங்கினேன்! மாணவனைக் கண்டிக்க எனக்கு என்ன தகுதி?

ஆகவே, என்னையும் சேர்த்தே இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்: ஒரு கலையை விரும்புகிறவன் அதனை எடைபோடவும் வல்லவனா?

சிலர் எளிதாகச் சொல்வர்: “சுவைக்கு வழக்கு ஏது? அவனுக்கு அது இனிக்கிறது. இவனுக்கு இது இனிக்கிறது. விட்டுவிடுங்கள்.” கேட்க இனிய சொல், ஆனால் அரைகுறைச் சொல். “இந்த இசை எனக்கு இனித்தது” என்பவனோடு வழக்காட முடியாது. அது அவன் செவியின் செய்தி. “இந்த இசை உயர்ந்தது” என்று அவன் சொன்ன கணமே, அது எனக்கும் உங்களுக்கும் உரிய பொதுச் செய்தியாகிறது. பொதுவில் வைத்த பொருளுக்குக் காரணம் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. காரணம் கேட்டால் சினப்பவன், இனிப்பைச் சொல்லவில்லை, ஆணையிடுகிறான்.

காரணம் சொல்லவே முடியாத துறையா இசை? இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பாருங்கள். மாதவி ஆடுவதற்கு முன்பே ஆடலாசான் எப்படியிருக்க வேண்டும், இசையாசான் எப்படியிருக்க வேண்டும், குழலோனுக்கும் யாழோனுக்கும் தண்ணுமை முழக்குவோனுக்கும் என்னென்ன தேர்ச்சி வேண்டும் என்று இளங்கோ வரிசைப்படுத்துகிறார். குழலை யாழ் பின்பற்ற, யாழைத் தண்ணுமை பின்பற்ற, ஒன்றையொன்று அமுக்காமல் ஒலித்ததைப் பாராட்டுகிறார். அதன் பின்னரே தலைக்கோலிப் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும்! முரசு பேச்சை விழுங்கியது என்று என் மாணவி சொன்னாளே, அவள் அறியாமலே இளங்கோவின் அளவுகோலைக் கையில் எடுத்தவள் அவள். அவள் தீர்ப்புத் தவறாயிருக்கலாம். அந்த இடத்தில் பேச்சு மூழ்கத்தான் வேண்டும், போரின் வெறியில் மனிதக் குரல் அழிவதைக் காட்டத்தான் அந்த அதிர்ச்சி என்று ஒருவன் மறுக்கலாம். மறுக்கட்டும்! அப்படி மறுப்பதற்கு அவனும் படத்தைக் காணவேண்டும், செவியைத் திறக்கவேண்டும். அதுதான் விவாதம்.

தனித்து நிற்கும் பாடல் ஒன்று. காட்சியோடு கலந்து வரும் பின்னணி இசை மற்றொன்று. பாடலை வீட்டிலிருந்தே கேட்டு மகிழலாம். பின்னணி இசையின் நிறைகுறையோ காட்சியோடு சேர்த்துக் கண்டால்தான் தெரியும். எங்கே எழ வேண்டும், எங்கே அடங்க வேண்டும், எங்கே முற்றிலும் மௌனமாக வேண்டும் என்பதில் அதன் உயிர் இருக்கிறது. படமே பாராமல் அதனைத் தாழ்த்துகிறவனும், பார்த்தும் ஓரிடத்தைக்கூட நினைவிற் கொள்ளாமல் உயர்த்துகிறவனும் ஒரே படகில் இருக்கிறார்கள்.

“விருது கிடைத்ததே!” என்பர். உண்மை. 2022ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகள் 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது, பின்னணி இசைக்கான விருது இந்தப் படத்துக்காக ரகுமானுக்குக் கிடைத்தது. அறிந்தோர் சிலர் கேட்டுச் சொன்ன சான்று அது, மதிக்கத்தக்கது. ஆனால் சான்று வேறு, நம் செவி வேறு. விருது வந்ததால் உயர்ந்தது என்பவன், வராதிருந்தால் தாழ்ந்தது என்று ஒப்புவானா? ஒப்பமாட்டான். தேர்வுக்குழுவில் சூழ்ச்சி என்பான்! “கோடிக்கணக்கில் வசூல் ஆயிற்றே!” என்பர். விற்ற நுழைவுச்சீட்டை எண்ணிய கணக்கு அது. படம் முடிந்து வெளியே வந்தவன் மனநிலையை எந்தக் கணக்குப் பிள்ளையும் எண்ணவில்லை. அந்தக் கோடிகளில் என் சீட்டும் உண்டு. முடிவு செய்துவிட்டுக் கேட்கப் போனவன் சீட்டு அது.

இன்னொரு வாதமும் எழுந்தது. “இது சோழர் காலத்து இசையே அன்று” என்றனர் சிலர். “சோழர் இசை இப்படித்தான் முழங்கியிருக்கும்” என்றனர் வேறு சிலர். இரு சாராரும் பத்தாம் நூற்றாண்டில் முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்போலப் பேசினர். உண்மை என்ன? தேவாரப் பண்கள் ஓதுவார் மரபு வழியே நம்மிடம் வந்துள்ளன. குடுமியான்மலைப் பாறையில் இசைக் குறிப்புகளே வெட்டப்பட்டுள்ளன. எனினும் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒலித்த ஒலியை அப்படியே பிடித்து வைத்த பேழை எங்கும் இல்லை.

ஒலி நிற்கவில்லை, பெயர்கள் நிற்கின்றன! தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டைப் பாருங்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று கல் கணக்குச் சொல்கிறது. நட்டுவர், பாடுவோர், குழலூதுவோர், உடுக்கை வாசிப்போர் பங்கும் அதில் உண்டு. அந்த 400 பெண்களும் விரும்பி வந்தனரா, பிறந்த ஊரைப் பிரிந்தபோது அழுதனரா என்பதைக் கல் சொல்லவில்லை. பிற்காலத்தில் பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவது பழியாகவே முற்றி, முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடி, 1947இல் சென்னை மாகாணச் சட்டம் வந்து ஒழிக்க வேண்டியதாயிற்று. சோழர் இசை எது என்று தொண்டை கிழியக் கத்திய நம்மில் எத்தனை பேர், அந்த இசையைப் பாடியவர்கள் யார் என்று கேட்டோம்? பெருமை பேச வாய் திறந்த அளவுக்கு, உண்மை கேட்கச் செவி திறக்கவில்லை!

அப்படியானால், காய்தலும் உவத்தலும் அகற்றிவிட்டுத்தான் கலையை ஆராய வேண்டுமா? ஆன்றோர் அப்படித்தான் அறிவுறுத்துகின்றனர். வழக்கு மன்றத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். கலைக்கு? விருப்பே இல்லாதவன் இசையைக் கேட்பானா? காதில் விழும், கேட்கமாட்டான். பயிரை விரும்பும் உழவன்தான் இலையின் முதற்புள்ளியைக் காண்கிறான். வெறுப்பவன் வயலுக்கே போவதில்லை. பிள்ளையை நேசிக்கும் தாய்தான் அதன் குரலில் ஒரு சிறு கரகரப்பையும் கண்டுகொள்கிறாள். ஆகவே உவத்தலை அகற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த உழவனைக் கவனியுங்கள். புள்ளியைக் கண்டதும், ‘என் பயிருக்கு நோயே வராது’ என்று கூவுகிறானா? பக்கத்து வயல்காரன் சுட்டிக்காட்டினால் அடிக்கப் போகிறானா? இல்லை. விரும்புவதால்தான் குறையைக் காண்கிறான், கண்டதால்தான் காக்கிறான். குறையைக் காணவொட்டாத விருப்புக்கு வேறு பெயர் உண்டு. அதன் பெயர் பக்தி. சுவைஞன் கலையைக் கேட்கிறான். பக்தன் கலைஞன் பெயரைக் கேட்கிறான். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு: நீ போற்றுகிறவரிடம் ஒரு குறையும், நீ தூற்றுகிறவரிடம் ஒரு நிறையும் சொல்ல உன்னால் முடியுமா? முடிந்தால் உன் செவி உன்னுடையது. முடியாவிட்டால் அது அடகுக் கடையில் இருக்கிறது!

அடகு வைத்த செவி படக்கொட்டகையோடு நின்றுவிடுமானால் நான் இவ்வளவு எழுதியிரேன். நிற்பதில்லை. கல்லுக்குப் பாலூற்றுவது அறிவா என்று ஊரைக் கேட்ட நாட்டில், நடிகரின் வெட்டுருவத்துக்குக் குடம் குடமாகப் பால் ஊற்றுகிறார்கள். பெயர் கேட்டுக் கைதட்டப் பழகியவன், பெயர் கேட்டு வாக்களிக்கவும் பழகுவான். திரையின் வலிமையை நம் இயக்கம் அறியாததன்று. 1949இல் ‘வேலைக்காரி’யும் 1952இல் ‘பராசக்தி’யும் ஆயிரம் மேடைகள் செய்யும் வேலையைச் செய்தன. ஏன், எதற்கு என்று கேட்கச் சொன்னதால்தான் அவை வென்றன. கேட்கச் சொன்ன நாமே, நம் மேடையிலும் நம் தலைவர் முன்னும் நம் எழுத்தாளர் முன்னும் கேள்வி எழும்போது முகம் சுளித்தால்? ‘நீ யாருடைய ஆள்?’ என்று என் மாணவன் கேட்டானே, அந்தக் கேள்வியை அவன் வானத்திலிருந்தா கற்றான்? நம் பேச்சிலிருந்துதான் கற்றான். கடவுளின் முன் கைகட்டி நிற்காதே என்று கற்பித்துவிட்டு, மனிதனின் முன் கைகட்டி நிற்கப் பழக்கினால், நாம் கோயிலை இடம் மாற்றினோமே அன்றி அடிமைத்தனத்தை மாற்றவில்லை.

புகார் நகரில் இந்திரவிழாவை அறிவிக்கும்போது முரசறைவோன் சொல்வதாக மணிமேகலை ஒன்றைக் கூறுகிறது: வாதிட வல்லவர்கள் பட்டிமண்டபம் ஏறுங்கள்; பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள். வாதத்தை ஊரார் அறிய வரவேற்ற அதே வாய், பகையை ஊரார் அறிய விலக்குகிறது. விழாக் காலத்துக்கே அப்படி ஒரு நெறி வகுத்தவர்கள் நம் முன்னோர்.

மறுவாரம் என் வகுப்பறையைப் பட்டிமண்டபமாக்கினேன். ஒரே ஒரு விதி: ஒவ்வொருவரும் மறுதரப்புக்காகப் பேச வேண்டும். இளையராஜாவின் அன்பன் அதற்காகவே படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். பூங்குழலியின் பாட்டை இருமுறை கேட்டதாக, கொலைக்குற்றத்தை ஒப்புக்கொள்பவன்போல ஒப்புக்கொண்டான். ரகுமானின் அன்பன், 1976இல் ‘அன்னக்கிளி’ வழியே ஒரு கிராமத்துக் குரல் திரைக்கு வந்ததன் பொருள் என்ன என்று தன் தந்தையிடம் கேட்டு எழுதிவந்தான். இருவரும் தத்தம் கருத்தை மாற்றிக்கொண்டார்களா? இல்லை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. பலகை மட்டும் மீண்டும் ஒன்றாயிற்று.

இறுதியில் பின்வரிசையைப் பார்த்து, “அம்மா, நீ அன்று சொன்னதை முடிக்கவில்லையே?” என்றேன். அவள் எழுந்தாள். இம்முறை எவரும், நீ யாருடைய ஆள் என்று கேட்கவில்லை.