விழுதில் நின்ற இழை

தறி இருக்கும் வீட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் புடவை கேட்டுத்தான் வருவார்கள். ஆரணியில் எங்கள் வீட்டுக்கு அன்று வந்த அம்மாள் ஒரு தாளை நீட்டினார். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் 1878இல் சென்னையில் கப்பல் ஏறியபோது எழுதப்பட்ட பதிவின் நகல் அது.

ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி. ஜில்லா வட ஆற்காடு, ஊர் ஆரணி. கடைசியில் உடல் அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. தெரு இல்லை, வீடு இல்லை. "இதை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர், டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னை வழியாகப் போனவர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்டம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி.

1878 என்ற அந்த ஆண்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. தாது வருஷப் பஞ்சம். தறிக்கு மழை வேண்டாம். ஆனால் துணி வாங்குகிறவனுக்கு மழை வேண்டும். அரிசி விலை ஏறினால் ஊர் முதலில் நிறுத்துவது புதுத்துணியைத்தான். நிவாரண வேலை என்று கல் உடைக்கச் சொன்னால், காய்ப்புக் காய்த்த கையில் பட்டு இழை நிற்காது. பிழைக்கப் போனால் தொழில் போகும், தொழிலைக் காத்தால் உயிர் போகும். அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் யாரோ ஒருவர் இந்த ஊரை விட்டு நடந்திருக்கிறார்.

எழுத்துக் கூட்டியே படிக்கும் என் அம்மாவுக்குத் தாளை நான் படித்துக் காட்டினேன். தழும்பு என்றதும் நிமிர்ந்தாள். "குழியில எறங்கி ஏறுறவன் முட்டியில தழும்பு இல்லாம இருக்குமா? தறிக்காரப் புள்ளதான். உக்காரும்மா."

ஆதாரம் ஆகாது அது. ஆனால் அந்த அம்மாளுக்கு மொழிபெயர்த்தபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்த ஆவணக் காப்பகமும் தந்திருக்க முடியாது. குழித்தறியில் உட்காரலாமா என்று கேட்டார். மிதியில் கால் வைத்து, ஒரு சொல்லும் பேசாமல், வெகுநேரம் இருந்தார்.

எனக்கு அந்த நேரம் முழுக்க உள்ளே ஒன்று அறுத்துக்கொண்டிருந்தது. நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாக, தமிழ் நாவிலிருந்து நழுவிய பிறகும், ஒரு குடும்பம் 'ஆரணி' என்ற மூன்றெழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் கப்பலேறிய ஒருவரைப் பற்றி ஒரு கதைகூடக் கிடையாது. போனவர்கள்தான் வேரை மறப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மறந்தது இருந்தவர்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது: போனவனைப் பற்றிச் சொன்னால், எந்தப் பசியில் போகவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று பழைய பாவு முடிந்து புதுப் பாவு பிணைக்க வேண்டிய நாள். நெய்து முடித்த புடவையை அறுக்கும்போது பாவை முழுக்க உருவிவிட மாட்டோம். அச்சிலும் விழுதிலும் கோத்த இழைகளின் நுனி அப்படியே நிற்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்த நுனியோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு கர்நாடகத்திலிருந்து வரும், ஜரிகை சூரத்திலிருந்து வரும். இந்த முறுக்கில்தான் அது ஆரணிப் பட்டு ஆகிறது. அந்த அம்மாள் அருகே வந்து பார்த்தார். அம்மா அவர் விரலைப் பிடித்து ஓர் இழையைச் சேர்க்கவைத்தாள். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை நின்றது.

அவரை நான் அதுவரை விருந்தாளியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இழை நின்ற கணத்தில்தான் தெரிந்தது: விழுதில் அசையாமல் காத்திருந்த பழைய நுனி நாங்கள். எங்களுக்குத் தொலைந்த ஒன்றை அவர்தான் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்.

வாசலில் கார் கிளம்பியதும் அம்மாவிடம் கேட்டேன். "நம்ம வூட்லேருந்து அப்படி யாராவது போயிருப்பாங்களாம்மா?"

நெடுநேரம் தறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலப்பா. ஆனா என் மாமியார் ஆடி அமாவாசைக்குப் படைக்கும்போது ஒரு இலை கூடப் போடுவாங்க. அவங்க மாமியாரும் போட்டாங்களாம். யாருக்குன்னு நான் கேட்டதே இல்ல."