குருகூரும் பைத்தானும்

தொலைந்த நூலை ஏட்டில் தேடாமல் ஓர் ஆளிடமே கேட்டு வாங்கிவிட முடியுமா? மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளியில் இந்தக் கேள்விக்கு ஒரு புத்தகமே இருக்கிறது.

யோக ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சார்யா (1888–1989) தம்மைப் பத்தாம் நூற்றாண்டு வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் வம்சத்தவர் என்று சொல்லிக்கொண்டவர். நாதமுனிகள் இயற்றியதாகச் சொல்லப்படும் 'யோக ரஹஸ்யம்' எப்போதோ தொலைந்துபோயிற்று. பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரி மாந்தோப்பில் நினைவிழந்து கிடந்தபோது, நாதமுனிகளே அதை ஓதக் கேட்டதாக கிருஷ்ணமாச்சார்யா சொன்னார். பிற்காலத்தில் சுலோகங்களை மகன் தேசிகாச்சாருக்குப் பாடம் சொன்னார். மகன் 1976இல் தொடங்கிய, இன்று மந்தைவெளியில் இருக்கும் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் 1998இல் அதை அச்சிட்டது.

ஊரும் தற்செயல் இல்லை. ஆழ்வார்திருநகரிதான் பழைய குருகூர். நாதமுனிகள் அங்கே போய்க் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பாசுரங்களை 12,000 முறை ஓத, நம்மாழ்வார் காட்சி தந்து தொலைந்திருந்த நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தையும் அருளினார் என்கிறது வைணவ குருபரம்பரைக் கதை. மீட்டவரின் நூலே தொலைந்து, அதே ஊரில் அதே வழியில் திரும்பியிருக்கிறது!

ஆராய்ச்சியாளர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. வயதுக்கேற்ற பயிற்சி, கர்ப்பிணிகளுக்கான யோகம் என்று நூல் பேசுவதெல்லாம் கிருஷ்ணமாச்சார்யா சென்னையில் சொல்லிக்கொடுத்ததாகவே இருக்கிறதே என்பது அவர்கள் வாதம்.

இந்த வழக்கில் கணினிக்காரர்களையும் சாட்சிக்குக் கூப்பிடலாம். சோர்ஸ் ஃபைல் அழிந்துவிட்டது, பேக்கப்பும் இல்லை, பைத்தான் நிரல்மொழியின் செஷன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அதை மூடாதவரை பிழைத்தோம். ஃபங்ஷன்கள் மெமரியில் பைட்கோடாக இருக்கும். அதைப் பிரித்துப் படித்து, சோர்ஸ் கோடை ஏறக்குறைய மறுபடி எழுதிவிடலாம். வேரியபிள் பெயர்கள்கூடத் தப்பிவிடும். கமென்ட்டுகள் மட்டும் வராது; கம்பைல் ஆகும்போதே உதிர்ந்துவிட்டவை அவை. இன்னொன்று: செஷனுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷனைத் திருத்தியிருந்தால், கைக்கு வருவது திருத்திய வடிவம்தான். முதலில் எழுதியது எப்படி இருந்தது என்று செஷனைக் கேட்டுப் பயனில்லை.

மனித நினைவும் அப்படி ஓடும் செஷன்தான். பல்லாண்டு காலம் தினமும் பாடம் நடத்திய ஒருவரிடமிருந்து வந்த நூலில் அந்தப் பாடத்தின் சாயல் இருப்பதில் வியப்பென்ன? அதை வைத்து மோசடி என்று சொல்வது அவசரம். பத்தாம் நூற்றாண்டுச் சொற்கள் அப்படியே வந்துவிட்டன என்பதும் அதே அளவு அவசரம்தான். யோக ரஹஸ்யத்துக்கு ஆசிரியர் யார் என்று கேட்டால், இரண்டு பெயர்களைச் சொல்வதே நியாயம்.