மறுதலித்தவருக்கு வாசல் திறக்கலாமா?

எகிப்தின் ஃபயூம் பகுதியிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் தாள் ஒன்று. அரசு அதிகாரிகளுக்கு எழுதிய மனு அது. மனுதாரர் அவுரேலியஸ் தியோகெனஸ், தந்தை பெயர் சத்தபூஸ், ஊர் அலெக்சாந்தர் தீவு, வயது 72, அடையாளம் வலது புருவத்தில் தழும்பு. தேவர்களுக்கு எப்போதும் பலி செலுத்திவந்ததாகவும், இப்போதும் அரசாணைப்படி அதிகாரிகளின் கண்ணெதிரே பலியிட்டு, பானபலி ஊற்றி, படைத்ததைச் சுவைத்ததாகவும் சொல்லி, அதற்குச் சான்றொப்பம் கேட்கிறார். நாள் கி.பி. 250 ஜூன் 26. இதே வாசகத்தோடு 40-க்கும் மேற்பட்ட தாள்கள் எகிப்திய மணலிலிருந்து வெளிவந்திருக்கின்றன. முதலாவது 1893-இல் அச்சேறியது.

அந்த முதியவர் கிறிஸ்தவரா என்பதைத் தாள் சொல்லவில்லை. ரோமப் பேரரசில் வாழும் எல்லோரும் பலியிட வேண்டும் என்பதே பேரரசர் டேசியஸின் ஆணை. பெரும்பாலோருக்கு அது கையெழுத்து வாங்கி முடிக்கும் ஒரு வேலை. கிறிஸ்தவர்களுக்கோ ஒரு சிட்டிகைத் தூபம் போட்டாலும் அது மறுதலிப்பு. போட மறுத்தவர்களுக்குச் சிறை, சித்திரவதை, நாடு கடத்தல், சிலருக்கு மரணம். ரோமாபுரியின் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரி 20 அன்று உயிர்விட்டார்.

ஆனால் விழுந்தவர்களும் ஏராளம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் விழுந்தவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் அவர் காட்டும் காட்சி இன்றைக்கும் நெஞ்சைப் பிசைகிறது. யாரும் இழுத்துப் போகாமலே நகரச் சதுக்கத்துக்கு மக்கள் ஓடுகிறார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இல்லை, இன்றே முடித்துவிடுங்கள் என்று இவர்கள் கெஞ்சுகிறார்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பலரைக் கட்டிப்போட்டது சங்கிலியல்ல, சொத்து என்கிறார் சிப்ரியான். நிலத்தையும் வீட்டையும் இழக்க மனம் வராதவர்கள் விசுவாசத்தை இழந்தார்கள்.

இன்னொரு வகையினரும் இருந்தார்கள். பலியிடவில்லை, பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கையால் பாவம் செய்யவில்லை, காகிதம்தானே என்று தங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டவர்கள். சித்திரவதை தாங்க முடியாமல் கடைசி நிமிடத்தில் பணிந்தவர்களும் உண்டு. காஸ்துஸ், எமிலியஸ் என்ற இருவர் முதல் விசாரணையில் இப்படித்தான் உடைந்தார்கள். இரண்டாம் முறை நெருப்பின் முன் நிறுத்தப்பட்டபோது அசையவில்லை.

251-இல் புயல் ஓய்ந்தது. அந்த ஆண்டிலேயே டேசியஸ் கோத்தியருடன் நடந்த போரில் மடிந்தார். விழுந்தவர்கள் அழுதுகொண்டு சபையின் வாசலுக்குத் திரும்பினார்கள். சிறையிலிருந்து மீண்டவர்களும் தழும்புகளோடு அதே வாசலுக்கு வந்தார்கள். தன் அண்ணனைச் சிறையில் பறிகொடுத்தவன், தூபம் போட்டு வீட்டைக் காப்பாற்றிக்கொண்டவனோடு ஒரே அப்பத்தைப் பகிர வேண்டுமா? விழுந்தவருக்கு நம்பிக்கை கொடுத்தால் நின்றவருக்கு அநீதி இழைத்ததாகாதா? தவறியவர் எழுவதைப் பற்றிப் பேசும் ஆறுதல் பேச்சுகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தொடாமலே தாண்டிப் போகின்றன. அந்தத் தலைமுறையால் அப்படித் தாண்ட முடியவில்லை.

வாசலை அடைத்துவிடு என்றது ஒரு பதில். ரோமாபுரியில் நொவாத்தியன் என்ற குருவானவர் இதைச் சொன்னார், பெரிய கல்விமான். புதிய ஆயராகத் தேர்வான கொர்னேலியஸ் விழுந்தவர்களிடம் இளகியவர் என்று எதிர்த்து, தானே போட்டி ஆயரானார். நொவாத்தியனைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. கடவுள் மன்னிக்க மாட்டார் என்று அவர் தரப்பு சொல்லவில்லை. மனம் வருந்துங்கள், தவம் செய்யுங்கள், ஆனால் தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள், சபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார்கள். ரத்தம் சிந்தியவர்களின் உறுதிக்கு விலையில்லாமல் போய்விடுமோ என்ற அச்சம் அதற்குள் இருந்தது. அந்த அச்சத்துக்கு மரியாதை உண்டு. அவருடைய சபை பல நூற்றாண்டுகள் நீடித்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் சிப்ரியான் அதற்குச் சொன்ன மறுமொழி இன்னும் வலுவானது. உழு, விதை, வியர்வை சிந்து, ஆனால் உனக்கு அறுப்பு கிடையாது என்று ஒரு விவசாயியிடம் சொன்னால் அவன் ஏரைத் தொடுவானா என்று கேட்டார் அவர். திரும்பி வர வழியில்லை என்று அறிவித்துவிட்டு மனந்திரும்பச் சொல்வது, வருத்தப்படுகிறவனை விரக்திக்குள் தள்ளிவிடும். கதவு அடைபட்டது என்று தெரிந்த மனிதன் அடுத்த பாவத்துக்கு ஏன் தயங்க வேண்டும்?

இதற்கு நேரெதிரான பதில், உடனே எல்லோரையும் சேர்த்துக்கொள் என்பது. சிறையிலிருந்த விசுவாச வீரர்கள் விழுந்தவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் கொடுத்தார்கள். துன்பப்பட்டவர்களின் வேண்டுதலுக்குத் தனி மதிப்பு உண்டு என்று சபை நம்பியது. நாளடைவில் இன்னாருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் சமாதானம் என்று ஆள்பெயர் இல்லாமலே கடிதங்கள் பறந்தன. ஒரே கடிதத்தோடு இருபது பேர், முப்பது பேர் வரலாம் என்ற நிலை. அழவும் இல்லை, அறிக்கையிடவும் இல்லை. கடிதத்தை நீட்டி நற்கருணையைக் கேட்டார்கள். இதைச் சிப்ரியான் கடுமையாக எதிர்த்தார். எதிர்க்கிற தகுதி அவருக்கு உண்டா என்று அன்றே கேட்டார்கள். துன்புறுத்தல் தொடங்கியதும் அவர் ஊரைவிட்டுத் தலைமறைவானவர். மறைவிடத்திலிருந்து கடிதம் எழுதி மந்தையைக் காத்தேன் என்பது அவருடைய விளக்கம். அவரைச் சந்தேகித்தவர்களுக்குப் பதில் 258 செப்டம்பர் 14 அன்று கிடைத்தது. அன்று அவர் ஓடவில்லை. தன் தலையை வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொல்லிவிட்டு மண்டியிட்டார்.

நின்றவருக்கு அநீதியா என்ற கேள்விக்கு அந்தக் காலத்திலிருந்து கிடைக்கும் மிக நல்ல விடை எந்தச் சங்கத்தின் தீர்மானத்திலும் இல்லை. செலெரினுஸ் என்ற இளைஞரின் கடிதத்தில் இருக்கிறது. ரோமாபுரியில் 19 நாள் தொழுமரத்தில் கால் பூட்டப்பட்டுக் கிடந்து, அசையாமல் நின்றவர் அவர். சகோதரிகள் என்று அவர் குறிப்பிடும் இரண்டு பெண்கள் விழுந்துவிட்டார்கள். ஒருத்தி பலியிட்டுவிட்டாள். மற்றவள் பலி மேடைக்குப் போகும் வழியிலேயே பணம் கொடுத்துத் தப்பித்துக்கொண்டாள். அந்த உயிர்த்தெழுதல் திருநாளின் மகிழ்ச்சியைச் செலெரினுஸ் அனுபவிக்கவில்லை. சாக்குத்துணியிலும் சாம்பலிலும் இரவும் பகலும் அழுதார். கார்த்தேஜ் சிறையிலிருந்த நண்பர் லூசியனுக்கு எழுதி, அந்தப் பெண்களுக்காக மன்னிப்பை வேண்டினார்.

அந்தப் பெண்கள் அதற்குள் சும்மா இருக்கவில்லை. கார்த்தேஜிலிருந்து கப்பலேறி வந்த விசுவாசிகளைத் துறைமுகத்துக்கே போய் எதிர்கொண்டு, 65 பேரைத் தங்கவைத்துப் பராமரித்தார்கள். சபை அவர்களை இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்ளும் என்ற உத்தரவாதமும் இல்லை. தாங்கள் எந்த விசுவாசத்துக்காக நிற்கத் தவறினார்களோ, அதற்காக நின்றவர்களின் பசியைப் போக்கினார்கள். மனந்திரும்புதல் என்பதை மனதுக்குள் நடக்கும் வருத்தம் என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இந்த 65 பேருக்கு ஆக்கிப் போட்ட சோற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நின்றவர் விழுந்தவருக்காக அழுதார். விழுந்தவர்கள் நின்றவர்களுக்கு ஊழியம் செய்தார்கள். நீதிக்குக் குறைவு வந்ததாக அவர்களில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. இரக்கம் நீதியைக் கெடுக்கும் என்ற வாதம் பெரும்பாலும் துன்பத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களிடமிருந்தே வருகிறது.

251-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் ஒரு நடுவழியைக் கண்டார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது. பலியிட்டவர்கள் நீண்ட தவத்தில் இருப்பது, மரணப் படுக்கையில் அவர்களுக்குச் சமாதானம் கொடுப்பது. ஒவ்வொருவராக என்பதில்தான் இந்த முடிவின் உயிர் இருக்கிறது. தானாக ஓடிப்போய்ப் பலியிட்டவனும் நெடுநேரம் போராடி விழுந்தவனும் ஒன்றல்ல. மனைவி மக்களையும் இழுத்துக்கொண்டு போனவனும், வீட்டாரைக் காக்கத் தான் ஒருவன் மட்டும் போனவனும் ஒன்றல்ல என்று சிப்ரியான் எழுதினார். கொள்ளைநோய் பரவி, மீண்டும் துன்புறுத்தல் வரும் அறிகுறியும் தெரிந்தபோது ஆயர்கள் இன்னும் இறங்கி வந்தார்கள். தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் உடனே சேர்த்துக்கொண்டார்கள். வரப்போகும் போராட்டத்துக்கு அவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது காரணம்.

அலெக்சாந்திரியாவில் செராபியோன் என்ற முதியவர். நெடுநாள் நேர்மையாக வாழ்ந்து கடைசியில் பலியிட்டுவிட்டவர். மன்னிப்புக்காகப் பலமுறை கேட்டும் யாரும் செவிகொடுக்கவில்லை. நோய்வாய்ப்பட்டு மூன்று நாள் பேச்சின்றிக் கிடந்தார். நான்காம் நாள் நினைவு திரும்பியதும், குருவானவரை அழைத்து வா என்று பேரனை அனுப்பினார். இரவு நேரம், குருவானவரும் படுக்கையில். அவரால் வர முடியவில்லை. ஆனால் சாகும் தறுவாயில் கேட்பவர்களுக்கு மறுக்கக் கூடாது என்று ஆயர் தியோனிசியஸ் உத்தரவிட்டிருந்தார். ஆகவே நற்கருணையில் ஒரு துண்டைச் சிறுவன் கையில் கொடுத்து, நனைத்துத் தாத்தாவின் வாயில் விடு என்றார். அவன் அப்படியே செய்தான். முதியவர் விழுங்கினார், உயிர் பிரிந்தது. இதை எழுதி வைத்தவர் தியோனிசியஸேதான். நொவாத்தியன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த அந்தியோக்கியா ஆயருக்கு, வாதமாக அல்ல, நடந்த செய்தியாக இதை எழுதி அனுப்பினார்.

மன்னிப்பு ஒன்று, பதவி வேறொன்று. ஸ்பெயினில் பசிலிதேஸ், மார்சியால் என்ற இரண்டு ஆயர்கள் பலிச் சான்றிதழால் கறைபட்டுப் பதவி இழந்தார்கள். பசிலிதேஸ் ரோமாபுரிக்கே போய், உண்மையை மறைத்து, ஆயர் ஸ்தேவானிடம் ஆதரவு பெற்று வந்தார். சிப்ரியானும் உடனிருந்த ஆயர்களும் அசையவில்லை. தவம் செய்கிற விசுவாசியாக வரலாம், ஆயராக வர முடியாது என்று எழுதினார்கள்.

அப்படியானால் பேதுரு? மூன்று முறை மறுதலித்தவரிடம்தானே மந்தை ஒப்படைக்கப்பட்டது? பதவியைத் திரும்பக் கேட்கும் ஒவ்வொருவரும் பேதுருவைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நற்செய்திகளைக் கவனித்துப் படித்தால் வேறுபாடு தெரியும். பேதுரு எதையும் கேட்கவில்லை. வலையை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனவர். யாரை மறுதலித்தாரோ அவரே கரையில் நின்று, மற்றச் சீடர்கள் இருந்த இடத்திலேயே, மூன்று முறை கேட்டு, அவருக்கே வலிக்கும்படி கேட்டு, பொறுப்பைக் கொடுத்தார். கூடவே அவருடைய சாவு எப்படியிருக்கும் என்பதையும் சொன்னார். அவருடைய வீழ்ச்சியையும் யாரும் மூடி மறைக்கவில்லை. நான்கு நற்செய்திகளும் அதைச் சொல்கின்றன. அதில் மாற்கு நற்செய்தி பேதுருவின் போதனையிலிருந்தே எழுந்தது என்பது பழைய மரபு. அது சரியென்றால், சேவல் கூவிய கதையை உலகுக்குச் சொன்னவர் பேதுருவேதான்.

இன்றைய சபைகளில் இரண்டு தவறும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. காணிக்கைப் பணத்தில் கைவைத்த அல்லது தன்னை நம்பி வந்தவரைச் சீரழித்த தலைவர், சில மாத மௌனத்துக்குப் பிறகு மேடையேறி, ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்கிறார், சபை கைதட்டுகிறது. பாதிக்கப்பட்டவரை யாரும் கேட்கவில்லை. ஆள்பெயர் இல்லாத அந்தக் கார்த்தேஜ் கடிதங்கள் இதைவிட மேல். அவற்றை எழுதியவர்களாவது சிறையில் பட்டினி கிடந்தவர்கள். அதே சபையில் குடியால் குடும்பத்தை இழந்தவர், கடனில் மூழ்கித் தலைமறைவாக இருந்து திரும்பியவர், மணவாழ்வு முறிந்த பெண் எல்லோரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடியும் முன்பே எழுந்து போகிறார்கள். வராதே என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. எப்படித் திரும்பி வருவது என்பதையும் சொல்வதில்லை.

325-இல் நிசேயா சங்கம், பெரிய நெருக்கடி ஏதும் இல்லாமலே மறுதலித்தவர்களுக்கு 12 ஆண்டுப் பாதை வகுத்தது. 3 ஆண்டு வசனம் கேட்பவர்களோடு, 7 ஆண்டு முழந்தாளிடுபவர்களோடு, 2 ஆண்டு நற்கருணையின்றி ஜெபத்தில் மட்டும். சாகிறவருக்கு எந்த நிலையிலும் நற்கருணை மறுக்கப்படக் கூடாது என்றும் விதித்தது. 12 ஆண்டு என்பதை இன்று யாரும் கேட்க மாட்டார்கள்; கேட்கவும் வேண்டாம். ஆனால் அந்த விதியின் கீழ் வந்தவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம், அடுத்த படி எது, முடிவில் யாரோடு உட்காரப் போகிறோம் என்பது தெரிந்திருந்தது. கடைசி வரிசையில் இருப்பவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை போதகரோ மூப்பரோ உட்கார்ந்து இந்த மூன்றையும் பேச முடியும். பேசுவதற்கு முன், அவரால் காயப்பட்டவர் யாராவது இருந்தால் முதலில் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.