இரும்புக்கும் எலும்புக்கும்

காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. கொல்லிமலைக்குப் போய்வந்தவர்கள் ஊர் திரும்பியதும் முதலில் சொல்வது ஆகாய கங்கை அருவியையோ அறப்பளீசுவரர் கோயிலையோ பற்றி அல்ல, இந்த எண்ணிக்கையைத்தான். சனி, ஞாயிறுகளில் நாமக்கல், சேலம், கரூர், பெங்களூர் பதிவெண்களோடு பைக்குகள் வரிசைகட்டி ஏறுகின்றன. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களும் (கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம், பெயர்தான் அப்படி) அதே சாலையில்தான் வாழைத்தாரும் பலாவும் கட்டிக்கொண்டு வண்டியில் போய்வருகிறார்கள். ஒருவருக்கு விளையாட்டுக் களமாக இருக்கும் சாலை இன்னொருவருக்குச் சந்தைக்குப் போகும் வழி. விபத்து என்று வரும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிவிடுகிறது.

ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். இறக்கத்தில் ஒரு பைக் வருகிறது. ஓட்டுகிறவனுக்கு 19 வயது இருக்கும். மேலிருந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்ததில் சக்கரத்திலிருந்து கருகிய வாடை. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச்சாலையின் அரிச்சுவடி. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் அந்த அரிச்சுவடியைப் புரட்டாதவர்கள். வளைவில் பிரேக் பிடிக்கவில்லை, வண்டி எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. எதிரே மொபெட்டில் ஒரு பெரியவர் ஏறி வருகிறார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி இருந்து என்ன, மோதியாகிவிட்டது. தார்ச்சாலையில் வாழைப்பழங்கள் சிதறிக் கிடக்கின்றன. பெரியவரைத் தூக்கி ஓரச்சுவரில் சாய்த்து உட்கார வைக்கிறார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்கள். “ஒண்ணுமில்லை தம்பி, கால் கொஞ்சம் வலிக்குது” என்கிறார் அவர்.

பத்து நிமிடத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர் நடுவராகிவிடுகிறார். “தம்பிகளா, பார்த்து ஏதாவது குடுத்துட்டுக் கிளம்புங்க. ஸ்டேஷன், கோர்ட்டுன்னு பெரியவர் அலைய முடியுமா?” ஜிபே போட சிக்னல் இல்லை. நான்கு நண்பர்கள் பர்ஸைத் துழாவி நாலாயிரம் சேர்க்கிறார்கள். பெரியவரின் சட்டைப் பையில் நோட்டுகள் திணிக்கப்படுகின்றன. “பேசி முடிச்சாச்சு.” எல்லாரும் நல்லது செய்துவிட்ட முகத்தோடு கலைகிறார்கள்.

இது நல்லதுதானா என்பதே கேள்வி.

பேசி முடிப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை எல்லாமே பொய்யான காரணங்கள் அல்ல. காவல் நிலையம் என்றால் வண்டியைப் பிடித்துவைப்பார்கள், வழக்கு என்றால் வருடக்கணக்கில் இழுக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் 70 வளைவு இறங்கி ஏற வேண்டியவருக்கு ஒருநாள் கூலி போகும். பையனுக்கோ, வழக்கு என்று ஒன்று பதிவானால் நாளை பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும்போது பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. போதாததற்கு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. கொல்லிமலை இன்றும் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று நாடு நாடாகத்தான் அறியப்படுகிறது. நீதிமன்றத்தின் வாசலை மிதிக்காமலே தகராறுகளைத் தீர்த்துக்கொண்ட மக்கள் இவர்கள்.

ஆனால் ஊர்ப் பேச்சும் சாலைப் பேச்சும் ஒன்றல்ல. ஊரில் பேசி முடித்த இருவரும் அடுத்த வாரம் அதே சந்தையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். தீர்ப்புத் தவறென்று தெரிந்தால் மறுபடி கூட்டலாம், கூடுதலாகக் கேட்கலாம், கேட்டால் கொடுக்காமல் தப்ப முடியாது. சாலையில் நடக்கும் பேச்சுக்கு மறுநாள் கிடையாது. மாலைக்குள் ஒருவர் காரவள்ளியைத் தாண்டியிருப்பார். இன்னொருவர் காலோடு மேலேயே இருப்பார். பஞ்சாயத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை நியாயமாக்கிய உறவை விட்டுவிட்ட ஏற்பாடு இது.

அடுத்த சிக்கல், எதற்கு விலை பேசுகிறோம் என்பது அந்த நேரத்தில் யாருக்குமே தெரியாது. உடைந்த ஹெட்லைட் கண்ணுக்குத் தெரியும். அதன் விலையை மெக்கானிக் சொல்லிவிடுவார். முழங்காலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். தலைக்குள் நடந்ததை ஸ்கேன் சொல்லும், அதுவும் சில மணி நேரம் கழித்து. 2009 மார்ச்சில் நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் விழுந்தார். சிரித்துப் பேசினார், ஒன்றுமில்லை என்றார், வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார்கள். மண்டையோட்டுக்குள் கசிந்த ரத்தம் இரண்டு நாளில் அவரைக் கொன்றது. வசதியும் மருத்துவமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவருக்கே இந்த கதி. அடிபட்டவர் சொல்லும் “ஒண்ணுமில்லை” மருத்துவ அறிக்கை ஆகாது. பெரும்பாலும் அது கூச்சம்தான். பத்துப் பேர் சுற்றி நிற்கையில் தன்னால் எல்லாருக்கும் தாமதம் என்று கூசுகிற எளிய மனிதரின் பேச்சு. அந்தக் கூச்சத்தைக் காசாக்கிக்கொள்வதைத்தான் நாம் சமாதானம் என்கிறோம்.

எனவே கோட்டை இங்கே போடலாம்: இரும்புக்குப் பேசலாம், எலும்புக்குப் பேசக் கூடாது. வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் நின்ற இடத்திலேயே கணக்கை முடித்துக்கொள்வது நல்ல வழக்கம்தான். நெளிந்த மட்கார்டுக்கெல்லாம் காவல் நிலையம் ஏறினால் அங்கே வேறு வேலையே நடக்காது. உடம்பில் அடி என்று வந்த பிறகு அங்கே நடப்பது பேரம். இரண்டு பக்கமும் சமமாக நிற்காத பேரம்.

எவ்வளவு சமமில்லை என்பதற்கு ஒரு கணக்கு. எலும்பு முறிவைச் சட்டம் ‘கொடுங்காயம்’ என்கிறது, ஒரு பல் உடைந்தால்கூட அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி, சாலை விபத்தில் கொடுங்காயம் அடைந்தவர் யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே இரண்டரை லட்சம் ரூபாய் கோரலாம். இறந்தால் குடும்பத்துக்கு 5 லட்சம். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு இது, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. (விபத்தில் யார் தவறு என்ற கேள்வியையே ஓரங்கட்டிவிட்டு, அடிபட்டவருக்கு அரசு அமைப்பே ஈடு கொடுக்கும் முறையை நியூசிலாந்து 1974-லேயே கொண்டுவந்துவிட்டது. நாம் அந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.) இந்தப் பணத்தைப் பையனின் அப்பா நிலத்தை விற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் வைத்திருப்பதே இதற்காகத்தான். பிரீமியம் கட்டிய ஒவ்வொருவரும், தாம் என்றோ ஒருநாள் மோதக்கூடிய முன்பின் அறியாத ஒருவருக்காக முன்கூட்டியே பணம் கட்டிவைத்திருக்கிறார்கள். அதை அவருக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு நாலாயிரம் கொடுப்பது, அவர் வீட்டுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கையில் சில்லறை வைப்பதைப் போன்றது.

இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால்? லைசென்ஸ் இல்லாவிட்டால்? சாலையில் பேசி முடிக்கப் பலர் துடிப்பது உண்மையில் இந்த இடத்தில்தான். அடிபட்டவர் மீதுள்ள இரக்கத்தை விட ஆர்.சி. புக்கும் பேப்பரும் சரியில்லாததே அவசரத்துக்குக் காரணம். 18 நிரம்பாதவனிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கே 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தத் தண்டனைக்கு அஞ்சுவது இயல்பு. அஞ்சுகிறவர் தன் அச்சத்தின் செலவை இன்னொருவர் காலில் ஏற்றிவைக்கலாமா என்றால், கூடாது. இதில் இரண்டு பக்கமும் எடை போட்டுப் பார்க்க ஒன்றுமில்லை.

இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. பேசி முடித்தவர்கள் பெரும்பாலும் அடிபட்டவரிடம் இன்னொன்றையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்: ஒரு பொய். மாலையில் கால் வீங்கி, அவரை மகன் செம்மேடு அரசு மருத்துவமனைக்கோ நாமக்கல் மருத்துவக் கல்லூரிக்கோ அழைத்துப் போவான். அங்கே முதல் வேலையாக விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், ஏ.ஆர். காப்பி என்று சொல்கிறோமே, அது. “எப்படி அடிபட்டது?” கேஸ் ஆக வேண்டாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். “வழுக்கி விழுந்துட்டேன்.” டாக்டர் அப்படியே எழுதிக்கொள்கிறார். ஆறு வாரம் கழித்து எலும்பு கூடவில்லை, பிளேட் வைக்க வேண்டும் என்று தெரியவந்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். சொன்ன சொல் தவறக் கூடாது என்று நினைத்த மனிதரின் நேர்மையே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. மோதியதைவிட இதைப் பெரிய தவறு என்று சொல்லத் தோன்றுகிறது. மோதல் கைமீறி நடந்தது. பொய் வாங்கியது தெரிந்தே செய்தது.

மருத்துவமனை என்றாலே மக்கள் ஒதுங்கியதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. கார் மோதி விழுந்த ஸ்கூட்டர்காரர் ஒருவரை அருகிலிருந்த மருத்துவமனை சேர்க்க மறுத்தது. சட்டச் சிக்கலுள்ள வழக்கு, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்றது. வழியிலேயே உயிர் போனது. அந்தச் செய்தியை வைத்துத் தொடுக்கப்பட்ட பரமானந்த் கட்டாரா வழக்கில்தான், முதலில் சிகிச்சை, பிறகு மற்றதெல்லாம் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தூக்கிக்கொண்டு வந்தவரைக் காவல்துறை அலைக்கழிக்கக் கூடாது என்பது 2016-இல் நீதிமன்ற ஆணையாகவும் 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாகவும் உறுதியானது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. “ஆஸ்பத்திரி போனா யார் செலவு பண்றது” என்ற பழைய கேள்விக்கு இன்று ஓரளவு பதில் இருக்கிறது. கேள்வி மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அநியாயம் மறுபக்கமும் நடக்கிறது. பெரிய வண்டிக்காரன் மேல்தான் தப்பு என்பது நம் சாலைகளின் எழுதப்படாத சட்டம். லாரி ஊரான நாமக்கல்லில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். வளைவில் முந்தி வந்து தானே விழுந்த பைக்காரனுக்காக, நின்றுகொண்டிருந்த வேன் ஓட்டுநர் அடிக்குப் பயந்து பணம் கொடுத்துவிட்டு நகரும்போது அதன் பெயரும் ‘பேசி முடித்தல்’தான். அடிபட்டவரை மருத்துவமனை சேர்ப்பது ஓட்டுநரின் கடமை என்று சொல்லும் 134-ஆம் பிரிவே, கும்பலின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர என்று விலக்கும் வைத்திருக்கிறது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகம் தன் மக்களின் கைநீட்டும் பழக்கத்தை இப்படி முன்கூட்டியே குறித்துவைத்திருப்பது பெருமைப்படும்படியான செய்தி அல்ல. ஓடிப்போன ஓட்டுநரைத் திட்டுகிற ஒவ்வொரு கூட்டமும், நின்ற ஓட்டுநருக்கு என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் அந்த நாலாயிரத்தைக் கொடுக்கவே கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம், இன்னும் கூடுதலாகவே கொடுக்கலாம். சிதறிய வாழைக்கும் போன கூலிக்கும் ஆட்டோவுக்கும் உடனே பணம் வேண்டும், தீர்ப்பாயத்தின் காசோலை அந்த வாரம் வராது. ஆனால் கொடுப்பது வேறு, முடிப்பது வேறு. கொடுத்துவிட்டுத் தொலைபேசி எண்ணையும் இன்சூரன்ஸ் பேப்பரின் படத்தையும் சேர்த்துக் கொடுப்பவன் உதவி செய்கிறான். கொடுத்துவிட்டு “இத்தோட முடிஞ்சுது” என்று கைகூப்புகிறவன் கொள்முதல் செய்கிறான். முறிந்த கால் எலும்பு கூட மூன்று நான்கு மாதமாகும். கொல்லிமலையில் மிளகுக் கொடி சில்வர் ஓக் மரங்களில் உயரப் படர்ந்திருக்கும், மூங்கில் ஏணியில் ஏறித்தான் பறிக்க வேண்டும். மடங்காத முழங்காலோடு ஏணி ஏற முடியாது. ஒரு பருவம் போனால் அடுத்த ஆண்டுதான். நாலாயிரம் எதற்கு ஈடு என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவரும். இழப்பீடு கோரச் சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம்.

மலைக்கு வண்டி எடுப்பவர்கள் காரவள்ளியில் டீ குடிக்க நிறுத்தும்போது இன்சூரன்ஸ் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கக் கூடாதது நடந்துவிட்டால் 108-ஐக் கூப்பிட்டு, மருத்துவமனைவரை கூடப் போங்கள், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பதிவேட்டை விரித்துவைத்து டாக்டர் கேட்கும்போது, வண்டி மோதியது என்றே எழுதச் சொல்லுங்கள், மோதியது உங்கள் வண்டியாக இருந்தாலும்.