ஏமாந்த பிள்ளையும் நம் கடமையும்

பிள்ளை ஏமாந்து வந்து நிற்கும்போது தகப்பன் முதலில் கேட்க வேண்டியது "ஏன் கொடுத்தாய்?" என்பதா, "எப்போது கொடுத்தாய்?" என்பதா? முதற் கேள்வி கோபத்திலிருந்து பிறப்பது. இரண்டாவது பொறுப்பிலிருந்து பிறப்பது.

2006-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரோப்லாக்ஸ் என்னும் இணைய விளையாட்டு இன்று பல வீடுகளில் புகுந்திருக்கிறது. அதில் செலவிடும் நாணயத்திற்கு ரோபக்ஸ் என்று பெயர். பெரும்பாலும் உண்மையான பணம் கொடுத்தே அதை வாங்க வேண்டியிருக்கிறது. "ரோபக்ஸ் இலவசம்" என்று ஆசை காட்டி, அசலைப் போன்ற போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை எழுத வைப்பது மோசடியின் ஒரு வகை. உலாவியில் பதிந்துள்ள 'குக்கீ' எனும் குறிப்பைப் பிரதியெடுத்து அனுப்பச் செய்வது மற்றொரு வகை. அது கைக்குக் கிட்டிவிட்டால் கடவுச்சொல்கூடத் தேவையில்லை. திருடன் நம் பிள்ளையாகவே உள்ளே நுழைந்து விடுகிறான்.

"விளையாட்டுக் கணக்குத்தானே, போனால் போகட்டும்" என்பர் சிலர். நாம் உழைத்துத் தேடிய பணம் அதில் இருக்கிறது. திருடப்பட்ட பொருள் எத்தனை கை மாறினாலும் உடையவனின் உரிமை அழிவதில்லை என்பது ஷரீஅத்தின் சட்டம். எனவே அதை மீட்க முயல்வது நம் உரிமை.

ஆனால் குற்றம் யாருடையது? பருவமடையாத சிறுவன் மீது பாவம் எழுதப்படுவதில்லை. அவனைப் பழக்கும் பொறுப்போ பெற்றோர் மீது இருக்கிறது. அடிக்குப் பயந்த பிள்ளை நடந்ததை ஒரு வாரம் மறைக்கும். அந்த ஒரு வாரம் திருடனுக்கு நாம் கொடுத்த அவகாசமல்லவா? உடனே தெரிந்தால் கடவுச்சொல்லை மாற்றலாம்; எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றலாம்; மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்தலாம்; பணம் கட்டிய ரசீதுடன் நிறுவனத்தாரிடம் முறையிடலாம். வங்கிப் பணமும் பறிபோயிருந்தால், இந்தியாவில் உள்ளவர்கள் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். ஆக, இரக்கம் இங்கே பண்பு மட்டுமல்ல, பொருளை மீட்கும் வழியும் அதுவே.

மீட்கும் முயற்சியிலும் ஹலால், ஹராம் உண்டு. பிள்ளை முன்பு மனமொப்பி வாங்கி அனுபவித்தவற்றையும் திருட்டுக் கணக்கில் சேர்த்து, வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்பது பொய்யுரைத்துப் பிறர் பொருளைப் பறிப்பதாகும். "நான் மீட்டுத் தருகிறேன், பணம் அனுப்புங்கள்" என்று வருபவனை நம்புவது இரண்டாம் முறை ஏமாறுவதாகும். திருடனின் கணக்கை நாமும் களவாடுவது நியாயமாகாது. கணக்கு தொடங்கும்போது வயதைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தால், அந்தப் பொய்யைப் பிள்ளை நம்மிடமே கற்றது என்பதையும் உணர வேண்டும்.

பலரும் மறந்துவிடும் கடமை ஒன்றுண்டு. திருடன் அந்தக் கணக்கிலிருந்து பிள்ளையின் நண்பர்களுக்கும் அதே வலையை விரிப்பான். அவர்கள் நம்பிக்கை வைத்திருப்பது நம் பிள்ளையின் பெயர் மீது. ஆகவே, போன பொருளைத் தேடும் முன்பே அந்த வீடுகளுக்குச் சொல்லிவிட வேண்டும். வெட்கத்தால் மௌனமாக இருந்து, அண்டை வீட்டுப் பிள்ளை ஏமாந்தால், அந்தத் தீங்கில் நமக்கும் பங்கு வந்துவிடும்.

இழந்தவை எல்லாம் திரும்பி வருமென்று சொல்வதற்கில்லை. கணக்கு கிடைத்தாலும் ரோபக்ஸ் கிடைக்காமல் போகலாம். அப்போது பிள்ளையிடம் சொல்ல வேண்டியது இதுதான்: உழைப்பில்லாமல் பொருள் தருவதாகச் சொல்பவன் உன்னிடமிருந்து எதையோ எடுக்க வந்தவன், கடவுச்சொல் அமானிதம், தோழனுக்கும் அதைக் கொடுக்கலாகாது, தவறு நேர்ந்தால் முதலில் ஓடிவர வேண்டிய இடம் வீடு.

அந்த நம்பிக்கையை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.