மன்னிப்பும் முறையும்: வைக்கம் கைதிகள் விடுதலையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

அறத்தின்பொருட்டு அரசாணையை மீறியவர் குற்றவாளியெனத் தண்டிக்கப்பெற்றுப் பின்னர் அவ்வரசாலேயே விடுவிக்கப்படின், அவ்விடுதலை முறைசெய்தல் ஆகுமா? இவ்வினாவை, 1924ஆம் ஆண்டு வைக்கம் போராட்டக் கைதிகளின் விடுதலையை முன்வைத்துச் சிலப்பதிகாரம், திருக்குறள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தண்டனையும் விடுதலையும்

இன்றைய குமரி மாவட்டத்தையும் பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய எல்லையூர்களையும் உள்ளடக்கியிருந்தது அன்றைய திருவிதாங்கூர் அரசு. அங்கு வைக்கம் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஈழவர், புலையர் முதலியோர் நடத்தல் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30ஆம் நாள் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கேரளத் தலைவர்கள் சிறைப்பட்ட நிலையில், ஏப்ரலில் ஈ.வெ. இராமசாமி அங்குச் சென்று போராட்டத்தை நடத்தினார். இருமுறை தண்டிக்கப்பெற்ற அவர், இரண்டாம் முறை கடுங்காவலில் வைக்கப்பட்டார். அரசியல் கைதிக்குரிய நிலை தரப்படாது அவர் கால்விலங்குடன் நடத்தப்பட்டதை உடன் சிறையிலிருந்த கே.பி. கேசவ மேனன் பதிவு செய்துள்ளார்.

ஆகஸ்ட் 7ஆம் நாள் மன்னர் மூலம் திருநாள் மறைந்தார். சேது லட்சுமி பாயி ஆட்சிப்பொறுப்பேற்ற சூழலில் சத்தியாக்கிரகக் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். ஆயின், எத்தெருக்களின்பொருட்டு அவர்கள் சிறை சென்றனரோ அத்தெருக்கள் திறக்கப்படவில்லை. 25,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட விண்ணப்பம் நவம்பரில் அளிக்கப்பட்டது. 1925 பிப்ரவரியில் தெருக்களைத் திறக்கக் கோரிய தீர்மானம் சட்டமன்றத்தில் 21க்கு 22 என்ற வாக்குகளில் தோற்றது. அவ்வாண்டு நவம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டிலும் கிழக்குத் தெரு விலக்கப்பட்டது.

கட்டுரை காதை காட்டும் நெறி

சிறைவிடுதலை குறித்த மற்றொரு நெறியைச் சிலப்பதிகாரக் கட்டுரை காதை காட்டுகிறது. குற்றமற்ற வார்த்திகன் அரசு ஏவலரால் சிறையிடப்படுகிறான். ஐயை கோயிலின் கதவு திறவாதாகிறது. உண்மையறிந்த பாண்டியன் அவனை விடுவித்ததோடு அமையாமல், தன் ஆட்சியில் நிகழ்ந்த பிழையைப் பொறுத்தருளுமாறு அவனிடம் வேண்டுகிறான். திருத்தங்காலையும் வயலூரையும் வழங்கி நிலத்தில் வீழ்ந்து வணங்குகிறான். ஈண்டு மன்னிப்பை வேண்டுபவன் மன்னன். அதனை வழங்கும் தகுதியுடையவன் கைதி. பிழை எவரிடம் உள்ளதோ அவரே மன்னிப்பு வேண்டுதற்குரியர் என்பது இதனால் பெறப்படும்.

கண்ணோட்டமும் முறையும்

வள்ளுவரும் அரசனுக்குக் கண்ணோட்டத்தை வற்புறுத்துகிறாரே எனின், உண்மையே. ஆயின் அவர் செங்கோன்மையை முன்வைத்த பின்னரே கண்ணோட்டத்தைக் கூறுகிறார். கடமை சிதையாத கண்ணோட்டத்தையே போற்றுகிறார். பிறர் செய்த தீங்கைப் பொறுக்கும் பொறையுடைமையைத் தீங்குற்றவர்க்குரிய அறமாக இல்லறவியலில் வைக்கிறார். இம்மூன்றையும் இணைத்து நோக்கின், கண்ணோட்டம் தண்டனையின் துன்பத்தைக் குறைக்குமேயன்றி முறையின் இடத்தை நிரப்பாது என்பது புலனாகும்.

கைதிகளின் விடுதலை பொருளற்றது என இதற்குப் பொருளன்று. விலங்கு நீங்கிய ஒருவர்க்கு அது மெய்யான நன்மையே. அதனை மறுப்பது அறமாகாது. எனினும், தடையை நிலைநிறுத்திக்கொண்டு தடைமீறியவரை மட்டும் விடுவிக்கும் அரசு, அவர் செயலைக் குற்றமென்றே தொடர்ந்து கருதுகிறது. மறுநாள் அதே தெருவில் நடக்கும் மற்றொருவர் மீண்டும் குற்றவாளியாவார்.

முடிவுரை

வார்த்திகனிடம் பாண்டியன் வேண்டியது தனியொருவர்க்கு இழைத்த பிழைக்கான பொறுத்தல். வைக்கத்திலோ பிழை ஆணையிலேயே இருந்தது. எனவே அங்கு முறைசெய்தல் என்பது சிறைக்கதவைத் திறப்பதோடு தெருவையும் திறப்பதாகும். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12ஆம் நாளே வெளிவந்தது. கைதிகளின் விடுதலைக்கும் அதற்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள், மன்னிப்பிற்கும் முறைக்கும் உள்ள தொலைவை அளக்க உதவுகின்றன எனலாம்.