குடும்பப் பதிவேட்டுக்கு வெளியே ஓர் இடம்

ஜப்பானில் குடியேறிய வெளிநாட்டவர் ஒருவர், அந்நாட்டு மொழியைக் கற்று, வேலையில் நிலைபெற்று, அண்டை வீட்டாரின் மதிப்பைப் பெற்ற பின்னரும், தாம் இன்னும் வெளியாளாகவே கருதப்படுவதாக உணர்வதுண்டு. இதனை ஜப்பானியரின் ஒதுங்கிய இயல்பு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆயினும், அந்நாட்டில் ஒருவர் ஓர் இடத்துக்கு உரியவராவது எந்த வழியாக என்பதை வரலாற்றோடு சேர்த்து நோக்கினால், அங்குள்ள சின்னஞ்சிறு கிறித்தவ சபைகளில் அயலார் பலர் வேர்பிடிப்பதன் காரணம் விளங்கும்.

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் பணியாற்றிய புனித சவேரியார், பின்னர் மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்து, அவர் வழியாக அந்நாட்டைப் பற்றி அறிந்து, 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் தொடங்கிய சபை விரைவாக வளர்ந்தது. அதைவிட விரைவாக ஆட்சியாளரின் ஐயத்துக்கும் ஆளாகி, 1614இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. தடையை நிலைநிறுத்த டொக்குகாவா ஆட்சியினர் கையாண்ட வழிகளுள் நெடுங்காலப் பயன் விளைத்தது 'தெராஉகே' என்னும் கோயிற்சான்று முறையாகும். அதாவது, ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலில் தன்னைப் பதிவுசெய்துகொண்டு, தன் உறுப்பினர் எவரும் கிறித்தவர் அல்லர் என்பதற்கு அக்கோயிலின் உறுதிமொழியைப் பெற்றாக வேண்டும். அச்சட்டம் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. எனினும் இறுதிச்சடங்கு, நினைவுநாள், கல்லறை ஆகியவற்றுக்குக் குடும்பத்தோடு கோயிலை நாடும் பழக்கம் இன்றளவும் பரவலாக நிலைத்திருக்கிறது. சமயம் என்பது தனியாளின் தெரிவாக அன்றி வீட்டின் உடைமையாக அங்கே வழங்குவதற்குக் கிறித்தவத்தை ஒழிக்கப் பிறந்த இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது வியப்புக்குரியது.

வீட்டின் வழியாகவே உரிமை கிடைக்கும் சமூகத்தில், அவ்வூரில் வீடென்னும் மரபே இல்லாத அயலாருக்கு நுழைவாயில் குறுகியதாகவே இருக்கும். திருச்சபையிலோ திருமுழுக்கு ஆளுக்கு ஆள் தரப்படுகிறது. மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே கிறித்தவராக இருப்பதால், ஜப்பானியக் கிறித்தவர் பலர் தம் குடும்பத்தில் தாம் ஒருவரே அந்நம்பிக்கையினராக வாழ்கின்றனர். முன்னோரை வணங்கும் வீட்டுப் பௌத்த மாடத்தைத் தமக்குப் பின் யார் பேணுவது, தம் சாம்பலைக் குடும்பக் கல்லறையில் வைப்பதா வேண்டாமா என்பன போன்ற கேள்விகள் அவர்களைத் தம் வீட்டுக்குள்ளேயே ஓரளவு அயலாராக்கிவிடுகின்றன. இக்கேள்விகளுக்கு விடையாகவே சபைகள் பல 'நோகோட்சுடோ' எனப்படும் பொதுச் சாம்பல் மண்டபத்தை அமைத்துள்ளன. ஜப்பானில் இறந்தோர் பெரும்பாலும் தகனம் செய்யப்படுவதால், எஞ்சிய எலும்பும் சாம்பலும் அடங்கிய கலசங்கள் அம்மண்டபத்தில், குலமும் குடும்பமும் பாராமல், சபையின் பெயரால் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் நடைபெறும் நினைவு வழிபாட்டில் மறைந்த உறுப்பினரின் புகைப்படங்களை முன்வரிசையில் வைத்துப் பெயர்களை வாசிக்கும் வழக்கமும் பல சபைகளில் உண்டு. ஆகவே அயலார் அங்கே சந்திப்பது பெரும்பான்மைச் சமூகத்தின் நடுக்கூடத்தை அன்று. அச்சமூகத்தின் விளிம்பில் நின்று, இறந்த பின்னும் தமக்கோர் இடம் வேண்டுமென்று தேடிய மனிதரையே ஆகும்.

இவ்வுறவு எதிர்த்திசையிலும் நிகழ்ந்திருக்கிறது. நாகசாகியில் வாழ்ந்த வெளிநாட்டவரின் வழிபாட்டுக்கென்று பிரெஞ்சுக் குருமார் எழுப்பிய ஓவுரா ஆலயத்துக்கு 1865 மார்ச் 17 அன்று, அருகிலுள்ள உராகாமி சிற்றூரார் சிலர் வந்து, அங்கிருந்த பெத்திஜான் அடிகளாரிடம் தங்கள் நெஞ்சமும் அவருடைய நெஞ்சமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, மரியன்னையின் திருவுருவம் எங்கே என்று வினவினர். இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் குருவும் ஆலயமும் இன்றி மறைவில் நம்பிக்கையைக் காத்தவர்கள் அவர்கள். அயல்நாட்டார் தமக்கென்று கட்டிய இடத்தில் உள்நாட்டார் தம் உறவைக் கண்டுகொண்டனர். அதற்கு விலையாக உராகாமி மக்களுள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடுகடத்தல்போல் தொலைமாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டு, எஞ்சியோர் 1873இல் தடை விலகிய பின்னரே ஊர் திரும்பினர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இன்றைய நிலை இவ்வளவு உருக்கமானது அன்று. 1990இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டத் திருத்தத்தால் பிரேசிலிலிருந்தும் பெருவிலிருந்தும் ஜப்பானிய வம்சாவளியினர் வந்தனர். அண்மைக்காலத்தில் தொழிற்பயிற்சி பெறுவோராக வரும் வியட்நாமிய இளைஞருள் கத்தோலிக்கர் கணிசமானோர். டோக்கியோவின் யொட்சுயா பகுதியிலுள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் ஜப்பானிய மொழியோடு ஆங்கிலம், ஸ்பானியம், போர்த்துக்கீசியம், வியட்நாமியம் முதலிய மொழிகளிலும் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. தாய்மொழி வழிபாடு தரும் ஆறுதலை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் காலையில் ஒரு மொழியினரும் பிற்பகலில் வேறு மொழியினரும் ஒரே கதவைப் பயன்படுத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் அறியாமல் போய்விடவும் அதுவே வழி செய்துவிடுகிறது. உண்மையான நெருக்கம் பெரும்பாலும் வழிபாடு முடிந்த பிறகே தொடங்குகிறது: புதியவரை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகப்படுத்துதல், சபையார் சமைத்த எளிய மதிய உணவு, முறைவைத்துக் கூட்டிப் பெருக்குதல், மலர் அடுக்குதல், தேநீர்க் கோப்பை கழுவுதல் ஆகிய இவற்றுக்கு இலக்கணப் பிழையற்ற ஜப்பானியம் தேவைப்படுவதில்லை.

உரசல்களும் இல்லாமல் இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில் உறுப்பினராகப் பதிவுசெய்துகொண்டோர் ஆலயப் பராமரிப்புக்கென்று மாதந்தோறும் ஒரு தொகை தரும் வழக்கம் உண்டு. காணிக்கைத் தட்டில் இயன்றதை இடும் முறையை மட்டுமே அறிந்த நாடுகளிலிருந்து வந்தோர்க்கு இது புதிது. அவர்கள் தருவதில்லையே என்று முதியோர் முணுமுணுக்க, பணம் கேட்கின்றனரே என்று வந்தவர் மனம் சுருங்க, இருசாராரும் கவனியாத ஒன்று அதனுள் இருக்கிறது: கணக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டவரிடம் மட்டுமே பங்கு கேட்கப்படும். அப்பணத்தை எவ்வாறு செலவிடுவது என்று முடிவுசெய்யும் பங்குப் பேரவையில் அயல்மொழியினர்க்கும் இருக்கை தரப்படும்போதுதான் அந்தக் கணக்கு நேராகிறது. சில பங்குகள் அதைச் செய்துவிட்டன, பல இன்னும் செய்யவில்லை.